அம்முச்சிக்கு ஓர் ஐஸ்லாந்துப் படம்

"புரியாத பாஷையில படம் பாத்து என்னத்தடா பண்ணப் போற?"

என் கிளாஸில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. ஈரோடு பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் மங்கோலியப் படம் பார்த்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் நான் செய்கிற காரியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நாடு, ஒரு படம். ஒரு முறை போன நாட்டுக்கு மறுபடி போகக் கூடாது. படத்தைப் பற்றி முன்கூட்டியே விமர்சனம் எதுவும் படிக்கக் கூடாது. ஆனால் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து அந்த நாடு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் முடிந்ததும் அட்லஸில் பென்சிலால் ஒரு டிக். இதுவரை 31 டிக் விழுந்திருக்கிறது. (அட்லஸைப் பார்த்த எங்க அப்பா, "ஏதோ கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறான் போல" என்று சந்தோஷமாக இருக்கிறார். நான் கலைக்கவில்லை.)

இதெல்லாம் பட்டணத்துப் பழக்கம், கொடுமுடிக்காரனுக்கு எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

நம்ம கொங்கு நாட்டுக்காரர் ஒருவர்தான் தென்னிந்தியாவுக்கே சினிமாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தார். 1905-ல் டுபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் படம் காட்டுகிற மிஷினோடு ஊர் ஊராக வந்தவர், திருச்சியில் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப முடிவு செய்தார். அவரிடமிருந்து மிஷினையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். அவர் காட்டியவற்றில் முக்கியமானது ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டினார். வெரைட்டி ஹால் ரோட்டில் நடக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியும்?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழில் படம் என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே நம் ஆட்கள் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் முதன்முதலில் பார்த்தது வெளிநாட்டுப் படம். அதாவது நம் கொள்ளுத்தாத்தா தலைமுறைக்கு "உலக சினிமா" என்று தனியாக ஒன்று கிடையாது. சினிமா என்றாலே உலக சினிமாதான். திருச்சியிலிருந்து கோவைக்கு ரயில் கரூர், கொடுமுடி, ஈரோடு வழியாகத்தான் வரும். அந்த மிஷின் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அப்போது படங்களுக்குப் பேச்சு கிடையாது. இடையிடையே அட்டையில் எழுத்து வரும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும், கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. அதற்காக ஒரு ஆள் இருப்பார். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நடப்பதைத் தமிழில் கூவிக் கூவிச் சொல்லுவார். பேசும் படம் வந்ததும் அவருக்கு வேலை போய்விட்டது. இந்த ஆளை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடியும் வருவார்.

அடுத்தது எங்கள் ஊர்ப் பெருமை. கொடுமுடி என்றால் மும்மூர்த்தி கோயில், காவிரி, அதற்கடுத்து கே.பி. சுந்தராம்பாள். பெயரில் இருக்கிற 'கே' எங்கள் ஊர்தான். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவருக்குத் தரப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! படத்தை இயக்கியவர் மாணிக்லால் தாண்டன். அவருக்குத் தமிழ் தாய்மொழி கிடையாது. அமெரிக்காவில் அவரோடு சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்கிற அமெரிக்கரும் அதே 1935-ல் அவரோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1936-ல் 'சதி லீலாவதி' இயக்கினார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய படம் அது. அப்புறம் 'சகுந்தலை', 'மீரா', கடைசியாக சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 1950-ல் 'மந்திரி குமாரி'. பதினைந்து வருடம் தமிழ்ப் படம் எடுத்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஆள் வைத்து வசனத்துக்கு அர்த்தம் கேட்டுக்கேட்டே எடுத்தார்.

புரியாத பாஷையில் படம் எடுக்கவே முடியும் என்றால், புரியாத பாஷையில் படம் பார்க்க முடியாதா? கிளாஸில் கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

நான் பார்ப்பதெல்லாம் ஆங்கிலச் சப்டைட்டிலோடு. 'பாரசைட்' எடுத்த கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2020-ல் ஒரு விருது மேடையில், சப்டைட்டில் என்கிற ஓர் அங்குலத் தடையைத் தாண்டிவிட்டால் எத்தனையோ அருமையான படங்கள் கிடைக்கும் என்கிற பொருளில் பேசினார். உலகம் முழுக்கக் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அவர் பேசியது ஆங்கிலம் தெரிந்தும் படிக்கச் சோம்பல்படுகிறவர்களைப் பார்த்து. நம் ஊரில் அந்தத் தடை ஓர் அங்குலம் இல்லை. கொடுமுடி கோயில் மதில் உயரம். ஈரானியப் படத்துக்கும் எனக்கும் நடுவில் பாரசீகம் நிற்கவில்லை, ஆங்கிலம்தான் நிற்கிறது. எனக்காவது தட்டுத்தடுமாறி ஏறத் தெரியும். எங்க அம்முச்சிக்கு?

அம்முச்சி என்றால் அம்மாவின் அம்மா. (வெளியூர்க்காரர்களுக்காக.) சிவகிரிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். மகன் திருப்பூர், பெரிய மகள் பெங்களூர், சின்ன மகளான எங்க அம்மா கொடுமுடி. எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, வரமாட்டேன் என்கிறார். நான் சனிக்கிழமை பொழுதோட போய் ஞாயிறு திரும்புவேன். அப்படி ஒரு சனிக்கிழமை நான் படம் பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன கண்ணு சொல்றான் அவன்?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஈரான், 1997, இயக்கம் மஜித் மஜிதி. அண்ணன் அலி, தங்கச்சி ஸஹ்ராவின் செருப்பைத் தைக்கக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது தொலைத்துவிடுகிறான். வீட்டில் காசில்லை, சொன்னால் அப்பா திட்டுவார். காலையில் தங்கச்சி, மத்தியானம் அண்ணன் என்று ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவது பரிசு ஒரு ஜோடி ஷூ என்று தெரிந்ததும் அலி ஓடுகிறான், மூன்றாவதாக வரவேண்டும் என்பதற்காக. (இதைத் தமிழில் 'அக்கா குருவி' என்று 2022-ல் எடுத்திருக்கிறார்கள்.) பந்தயம் வந்தபோது நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. அலி முதலாவதாக வந்து அழுதபோது அம்முச்சி, "செயிச்சும் தோத்துப்போச்சே சாமி" என்றார். நான் இந்தப் படத்துக்கு எழுத நினைத்திருந்த ஒரு பக்க விமர்சனத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மங்கோலியா. 'தி ஸ்டோரி ஆஃப் தி வீப்பிங் கேமல்', 2003. கோபி பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற குடும்பம். ரொம்பக் கஷ்டப்பட்டுப் பிரசவித்த தாய் ஒட்டகம், தன் வெள்ளைக் குட்டியைச் சேர்க்க மாட்டேன் என்கிறது. பால் குடிக்க வந்தால் உதைக்கிறது. என்ன செய்தும் ஆகவில்லை. கடைசியில் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒட்டகத்தில் ஏறித் தூரத்து ஊருக்குப் போய், மொரின் கூர் என்கிற இரண்டு தந்தி வாத்தியம் வாசிக்கிறவரைக் கூட்டி வருகிறார்கள். அவர் வாசிக்க, வீட்டுப் பெண் ஒட்டகத்தைத் தடவிக்கொண்டே பாட, ஒட்டகத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. குட்டியைச் சேர்த்துக்கொள்கிறது. இது கதைப் படமும் இல்லை, முழு டாக்குமெண்டரியும் இல்லை. நிஜக் குடும்பம், நிஜ ஒட்டகம். மியூனிக் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்தது. ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அம்முச்சிக்கு ஆச்சரியமே இல்லை. "கன்னு சேக்காத மாடு எங்க பட்டியிலும் இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். கன்றின் மேல் உப்பைத் தடவி விட்டால் தாய் நக்க ஆரம்பிக்குமாம், நக்கினால் ஒட்டிக்கொள்ளுமாம். கன்று செத்துப்போன எருமைக்குத் தோலுக்குள் வைக்கோலை அடைத்துக் கன்று மாதிரி முன்னால் நிறுத்துவார்களாம். அதை நக்கிக்கொண்டே பால் இறக்கும். "அது ஏமாத்து வேலை கண்ணு. பாட்டுப் பாடி அழுக வெக்கறது நல்ல வேலை" என்றார். இவ்வளவு நாள் பேரனாக இருக்கிறேன், இந்தக் கதையை எனக்கு அவர் சொன்னதே இல்லை. கேட்கவும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது. மங்கோலியா போய்த்தான் எங்கள் பட்டிக்கு வர வேண்டியிருந்தது.

மூன்றாவது ஐஸ்லாந்து. 'ராம்ஸ்', 2015, கிரிமுர் ஹாகோனார்சன் இயக்கியது. கான் விழாவில் 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவின் முதல் பரிசு வாங்கிய படம். ஆனால் கதை அப்படியே நம்ம பக்கத்துக் கதை. அண்ணன் தம்பி இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வீடு, ஆட்டுப் பண்ணையம். நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கடிதம் எழுதி நாயின் வாயில் கொடுத்து அனுப்புகிறார்கள்! அந்தப் பள்ளத்தாக்கில் ஆடுகளுக்கு ஸ்க்ரேப்பி என்கிற மூளைச் சீக்கு வருகிறது. வைத்தியம் கிடையாது. எல்லா ஆட்டையும் கொன்றுவிட வேண்டும் என்று உத்தரவு. ஒருவர் தன் வம்ச ஆடுகளில் சிலவற்றை வீட்டு நிலவறைக்குள் ஒளித்து வைக்கிறார்.

வெளியே பனி கொட்டுகிறது, மனிதர்கள் கம்பளிக்குள் இருக்கிறார்கள், எங்களுக்கு ஃபேன் ஓடியும் வேர்க்கிறது. ஆனால் அம்முச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெடாவைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற காட்சியில் மட்டும், "நல்ல சாதிக் கெடா" என்றார். பங்காளிகள் ஏன் பேசுவதில்லை என்று நான் விளக்கப் போனேன். "அதெதுக்கு? வரப்போ, வாய்க்காத் தண்ணியோ ஏதோ ஒண்ணு. ஆடுதான் அதுகளப் பேச வெக்கோணும், பாரு" என்றார். கடைசிக் காட்சியில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அம்முச்சி சொன்னது பலித்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் படங்களுக்கெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேனே, அப்போதுதான் உறைத்தது, கூடாரக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கூவின அந்த ஆள் நான்தான் என்று. நூறு வருடம் ஆகியும் அந்த வேலை காலியாகத்தான் இருக்கிறது.

அந்த வேலையில் இறங்கினால்தான் ஆங்கிலச் சப்டைட்டில் எவ்வளவை விழுங்குகிறது என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். பாரசீகத்தில் நீ, நீங்கள் மாதிரி இரண்டு உண்டு. ஜப்பானிய மொழியில் மரியாதைக்கு எத்தனையோ படி உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் வந்ததும் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது நாமாக யோசித்து மேடு பள்ளத்தைத் திரும்பப் போட வேண்டும். 'பிரதர்' என்று வரும். அண்ணனா, தம்பியா? 'அங்கிள்' என்று வரும். சித்தப்பாவா, மாமாவா? நம்ம ஊரில் இது சின்ன விஷயமா? மாமா என்றால் பெண் கொடுக்கலாம், சித்தப்பா என்றால் அடிதடி ஆகிவிடும் :-)

இதில் என்னை ரொம்பத் திணறவைத்த படம் ஜப்பானின் 'டோக்கியோ ஸ்டோரி'. 1953, யசுஜிரோ ஓசு. வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. செலவுக்குப் பணம் கொடுத்து வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களை முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது நொரிகோ மட்டும்தான். போரில் செத்துப்போன மகனின் மனைவி. அவள் மாமனாரைக் கூப்பிடுவது ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என்று வருகிறது. ஜப்பானிலும் அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் என்ன சொல்ல? கொங்கு வீட்டு மருமகள் "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். 'அப்பா' என்று சொன்னால் அம்முச்சி அவளை மகள் என்று நினைத்துக்கொள்வார், படமே கவிழ்ந்துவிடும். 'மாமா' என்றே சொன்னேன். ரத்த உறவு இல்லாதவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்பது முதல் நிமிஷத்திலேயே அம்முச்சிக்குப் பளிச்சென்று பிடிபட்டது. நான் ஆங்கிலத்தில் பார்த்தபோது அது எனக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அம்மாவும் இருந்தார். துணி மடித்துக்கொண்டே பாதி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி செத்து, எழவு முடிந்து, சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மகள் அம்மாவின் துணிகளில் இன்னின்னது எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்முச்சி சிரித்துவிட்டார். "எழவு வூட்டுல சீலை கேக்கறது எல்லா ஊர்லயும் இருக்குது பாரு!" அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் அன்றைக்கே ரயிலேறிப் போய்விடுகிறார்கள். கடைசியில் கிழவர் ஒற்றையாளாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். படம் முடிந்துவிட்டது. மூன்று பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்முச்சி, "அவருக்காவது பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பாத்து ரெண்டு வார்த்தை பேசறா" என்றார். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அதற்கப்புறம் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சாளைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். இதற்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். எழுபது வருடத்துக்கு முந்தின கறுப்பு வெள்ளை ஜப்பான் படம் எங்கள் வீட்டில் என்ன பண்ணிவிட முடியும் என்பார். சரி, விடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சினிமா எவ்வளவு முக்கியம் என்று உலகத்தில் ஒருவர் நன்றாக யோசித்திருக்கிறார். செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு நாவலாசிரியர் ஆனார். பிரெஞ்சில் எழுதினார். ஆனால் எந்த ஜனங்களைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை. அதனால்தான் நாற்பது வயதை நெருங்கும்போது சினிமா கற்றுக்கொள்ளக் கிளம்பினார். 1968-ல் அவர் எடுத்த 'மண்டாபி' வோலோஃப் மொழியில் பேசுகிறது. ஆப்பிரிக்க மொழியில் வந்த முதல் முழுநீளப் படமாக அதைத்தான் சொல்கிறார்கள். கதை: படிக்கத் தெரியாத ஒருவருக்குப் பாரிஸிலிருந்து 25,000 பிராங்க் மணியார்டர் வருகிறது. அதை வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். சான்றுக்குப் பிறந்த தேதி வேண்டும். அவருக்கு அது தெரியாது. பணம் வருவதற்கு முன்னாலேயே கடன்காரர்கள் வாசலில் வரிசை. இதற்கு நான் சப்டைட்டில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதியோர் பென்ஷனுக்கு அலைந்த அனுபவம் அம்முச்சிக்கு உண்டு. "இவனையும் நாளைக்கி வாங்கறானுவளா?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்துக்குத் தமிழில் எழுத்தாகவே சப்டைட்டில் செய்தேன். இது ஏதோ பெரிய சாஃப்ட்வேர் வேலை என்று நினைக்காதீர்கள். எஸ்.ஆர்.டி. ஃபைல் என்பது வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறக்கும். வரிசை எண், அதன்கீழ் எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்கிற நேரம், அதன்கீழ் வசனம், ஒரு காலி வரி. அவ்வளவே. நேரத்தைத் தொடாமல் ஆங்கில வசனத்தை எடுத்துவிட்டுத் தமிழைப் போட வேண்டும். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறியாக வரும். கஷ்டம் வேறு இடத்தில். தமிழ் வார்த்தைகள் நீளம். இரண்டு நொடியில் ஆங்கிலம் படித்துவிடலாம், தமிழ் படிக்கும்முன் மறைந்துவிடும். அதனால் சுருக்க வேண்டும். சுருக்கச் சுருக்க, பேச்சுத் தமிழ்தான் கைகொடுக்கிறது. "நான் சென்று வருகிறேன்" எங்கே, "வர்றேன்" எங்கே! இரண்டு வாரம் ஆனது. அந்த ஃபைலோடு எங்கள் தெருவில் ஆறாவது படிக்கிற பையன்கள் நாலு பேர் படம் பார்த்தார்கள். ஒருத்தன் ஆங்கிலத்தில் பெயிலாகிறவன். அவன்தான் கடைசியில், "அண்ணா, அவங்கப்பா சைக்கிள்ல ஷூ இருந்துச்சுல்ல, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டான். அது ஒரு நொடிதான் வரும். நிறையப் பெரியவர்கள் கவனிக்காமல் விட்டது அது.

நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். 2000களின் நடுவில் ஆனந்த விகடனில் ஒளிப்பதிவாளர் செழியன் 'உலக சினிமா' தொடர் எழுதினார். படத்தைக் காட்சி காட்சியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார், டிவிடி கிடைக்காத ஊரில் இருந்தவர்கள் படித்தே படம் பார்த்தார்கள். (பின்னால் அவரே இயக்கிய 'டு லெட்', சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.) கோவையில் 'கோணங்கள்' திரைப்படக் கழகம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் சின்ன அரங்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உலகப் படங்கள் போட்டது. தமிழ் சினிமாவின் சரித்திரத்தை உட்கார்ந்து எழுதிய தியடோர் பாஸ்கரனும் தாராபுரத்தில் பிறந்த நம்ம பக்கத்துக்காரர்தான். அவர் புத்தகங்களைப் படித்தால் கூடாரக் கொட்டகைக் காலம் கண்முன் வரும்.

சரி, இதெல்லாம் பார்த்தால் உடனே நம்ம படம் மட்டம், வெளிநாட்டுப் படம் உசத்தி என்று ஆகிவிடுமா? அப்படிப் பேசுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துவராது. நான் பார்த்த 31-ல் தூக்கம் வரவழைத்தவை எட்டாவது இருக்கும். மெதுவாக நகர்வதாலேயே ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. விருது வாங்கியதாலும் ஆகிவிடாது. ஆனால் மெதுவான படத்தில் ஒரு வசதி உண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேச நேரம் கிடைக்கும் :-)

தெரியாத நாடு என்றால் தூரத்து நாடு என்றும் அர்த்தமில்லை. எனக்கு ரொம்பத் தயக்கத்தோடு டிக் விழுந்த நாடு இலங்கை. நாம் சிங்களப் படம் பார்ப்போமா? பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த கலுவர', 1997. கண் தெரியாத சிங்களக் கிராமத்துக் கிழவர். போருக்குப் போன ராணுவக்கார மகனின் சவப்பெட்டி மூடி முத்திரையிட்டு வருகிறது. திறக்கக் கூடாது என்கிறார்கள். மகன் செத்தான் என்று கிழவர் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு கிடைக்கும், வீட்டில் மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், ஆனாலும் போடமாட்டேன் என்கிறார். அந்த ஊர் அரசாங்கம் 2000-ல் இந்தப் படத்தைத் திரையிட விடாமல் நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. இதைப் பார்த்ததால் போரில் யார் பக்கம் என்ன நடந்தது என்பதில் என் கருத்து எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் 'அவர்கள்' என்று மொத்தமாக ஒரு வார்த்தை வைத்திருந்தேனே, அதற்குள் கண் தெரியாத ஒரு கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார். இனி அவரை எழுப்பிவிட முடியாது.

எதிர்த்திசையிலும் யோசித்துப் பாருங்கள். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் படம். அங்கே உட்கார்ந்து பார்த்த டச்சுக்காரனுக்கு நாம்தான் மங்கோலியா. தமிழ் அவனுக்குப் 'புரியாத பாஷை'. அவன் எழுந்து போகவில்லையே!

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் ஒரு யோசனை. முதல் படமாக வசனம் குறைவான ஒன்றை எடுங்கள். ஒட்டகப் படம் நல்ல ஆரம்பம், அதற்கடுத்து ஷூ படம், அதற்கடுத்து ஆட்டுப் படம். தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஒருத்தரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே பாருங்கள். எல்லா வரியையும் சொல்ல வேண்டியதில்லை, தேவையானது எது என்று நாக்குக்கே தெரிந்துவிடும். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் திருப்பிச் சொல்வது அதிகமாக இருக்கும். தமிழ் சப்டைட்டில் ஃபைல் வேண்டுகிறவர்கள் கிளாஸில் என்னைப் பிடியுங்கள். அடுத்த படத்துக்கு எழுத யாராவது கூட வந்தால் இரண்டு வார வேலை ஒரு வாரத்தில் முடியும்.

வரும் சனிக்கிழமை மௌரிடானியா. அப்துர்ரஹ்மான் சிசாக்கோவின் 'டிம்பக்டு', 2014. அட்லஸில் இடம் பார்த்தாகிவிட்டது, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம், பெரும்பாலும் மணல். விமர்சனம் படிக்கக் கூடாது என்பது விதி, இருந்தாலும் ஒரு மாட்டைக் கொன்றதில் தொடங்குகிற வழக்கு கதையில் உண்டு என்று மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. அதை அம்முச்சியிடம் போனில் சொன்னேன். "மாடு யாரோட காட்டுல பூந்துச்சு?" என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.